பெண் கூலி

மதுரையிலிருந்து குமுளி போகிறவர்களில் பாதிப்பேராவது லோயர் கேம்ப்பில் வண்டியை நிறுத்துவார்கள். அதற்குமேல் மலைச்சாலை. கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்குள் ஒரு டீ குடித்து முகம் கழுவிக்கொள்ள வேண்டும். தேக்கடிக்குப் போகும் குடும்பங்களும், கார்த்திகை மார்கழியில் சபரிமலைக்குப் போகும் சாமிமார்களும் கால் நீட்டி நிற்கிற அந்த இடத்தில், சாலையோரமாகவே இருக்கிறது கர்னல் ஜான் பென்னிகுவிக் நினைவு மண்டபம். 2013 ஜனவரி 15 அன்று, அவருடைய பிறந்த நாளில், அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா திறந்துவைத்தது. உள்ளே அவருடைய உருவச் சிலை இருக்கிறது. முல்லைப் பெரியாறு அணை கட்டப்பட்ட காலத்துப் படங்கள் இருக்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கு வெளியூர்க்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தன் கதையைச் சொல்லும் திண்ணை அது.

சென்ற ஆனி மாதம் நாங்கள் நான்கு பேர் அங்கே போனோம். நான், எழுபது வயதைக் கடந்த என் அம்மா, என்னிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் இரண்டு பெண்கள். ஒருத்தி நடவுப் பாட்டில் ஆய்வு செய்கிறாள், இன்னொருத்தி தாது வருஷப் பஞ்சத்தைப் பாடும் கும்மிகளில். உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று வழியெல்லாம் அம்மா தன் சொந்தக்காரர்களின் ஊர்களை எண்ணிக்கொண்டே வந்தாள். தேனியில் புதிய பேருந்து நிலையத்தைக் காட்டி, "அதுக்கும் அவரு பேருதான்" என்றாள்.

மண்டபத்து வாசலில் அம்மா செருப்பைக் கழற்றினாள். "கழட்ட வேண்டியதில்ல பாட்டி" என்றாள் ஒரு மாணவி.

"ஏத்தா, தண்ணி குடுத்த மனுசன். செருப்போடயா போயி நிக்கிறது?"

சிலையின் முன்னால் அம்மா கைகூப்பி நின்றபோது எனக்குச் சங்கடமாக இருக்கவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த யாருக்கும் இருக்காது. எங்கள் ஊர்ப்பக்கம் பல வீடுகளில் சாமி படங்களுக்கு நடுவே அவர் படமும் மாட்டியிருக்கும். பென்னிகுவிக் என்று பெயர் வைத்த பையன்கள் இருக்கிறார்கள். தேனிக்கு அருகே பாலார்பட்டியில் ஆண்டுதோறும் தைப்பொங்கலோடு சேர்த்து அவருக்கும் பொங்கல் வைக்கிறார்கள். அடுப்பு மூட்டி, பானை ஏற்றி, குலவை போடுகிறவர்கள் பெண்கள்.

படங்களைப் பார்த்துக்கொண்டு வந்த நடவுப்பாட்டு மாணவி கேட்டாள்: "மேடம், இந்த அணை வேலைல பொம்பளைங்களும் இருந்திருப்பாங்கல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "இல்லாம? எங்க பூட்டி இந்த லோர்கேம்புக்குக் கல்லு உடைக்க வந்தவதான."

என் அம்மாவின் பூட்டி எனக்கு ஓட்டி. நாற்பது வருடத்துக்கு மேல் அந்தக் குடும்பத்தில் வாழ்ந்திருக்கிறேன். தமிழில் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறேன், பெண்ணெழுத்து பற்றி வகுப்பெடுக்கிறேன். இந்தச் செய்தி என் காதில் விழுந்தது அன்றைக்குத்தான். "ஏம்மா இத்தனை நாளாச் சொல்லல?" என்றேன்.

"நீ எங்க கேட்ட?" என்றாள் அம்மா.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

*

அணையின் கதையைத் தெரிந்தவர்களும் ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து மேற்கே ஓடி அரபிக்கடலில் சேரும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பி வைகைப் படுகைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது பழைய யோசனை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இதற்கு முயன்றார். 1808-இல் கால்டுவெல் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வந்து பார்த்து, நடக்காத காரியம் என்று எழுதிவைத்தார். அதன் பிறகும் திட்டங்கள் எழுந்தன, கிடப்பில் விழுந்தன. 1882-இல் பென்னிகுவிக் தீட்டிய திட்டம்தான் நிறைவேறியது.

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கிலேய அரசுக்கும் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், 999 ஆண்டுகள். 1887-இல் வேலை தொடங்கியது. 1895 அக்டோபரில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். கருங்கல்லும் சுண்ணாம்பும் செங்கல் பொடியான சுர்க்கியும் கொண்டு கட்டிய சுவர் அது. தேங்கிய நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்குச் சரிவுக்கு வந்து, பள்ளத்தாக்கில் இறங்கி, வைகையில் கலந்து, தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் என ஐந்து மாவட்டங்களுக்குப் போகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கரில் இருபோக நெல் இந்தத் தண்ணீரை நம்பி விளைகிறது.

காட்டின் நடுவே, கடும் மழைக்கும் காய்ச்சலுக்கும் இடையில், கட்டியதை வெள்ளம் அடித்துப்போக, மறுபடி கட்டினார்கள். குருவனூத்துப் பக்கம் வெட்டிய சுண்ணாம்புக்கல் மாட்டுவண்டியிலும் கம்பிவடத்திலும் படகிலும் மாறி மாறி அணைக்குப் போய்ச் சேர்ந்தது. மலையடிவாரத்தில் வேலையாட்கள் தங்கிய முகாம்தான் இன்றைக்கும் ஊர்ப்பெயராக நிற்கும் லோயர் கேம்ப். வேலை நடந்த ஆண்டுகளில் நோயால் செத்தவர்கள் 483 பேர் என்று கணக்கு சொல்கிறது. அணைக்குப் பக்கத்தில் ஓர் இடுகாடு இருக்கிறது.

திட்டத்தில் பணியாற்றிய பொறியாளர் ஏ.டி. மெக்கன்சி 1899-இல் பெரியாறு திட்டத்தின் வரலாற்றை ஆங்கிலத்தில் ஒரு முழு நூலாகவே எழுதினார். எத்தனை கன அடி, எவ்வளவு சுண்ணாம்பு, எவ்வளவு செலவு என்பதெல்லாம் நமக்குத் தெரிவது இப்படிப்பட்ட பதிவுகளால். கணக்கு எழுதத் தெரிந்த அரசு அது. யாரைப் பெயரால் எழுதுவது, யாரைத் தொகையால் எழுதுவது என்பதையும் அது தெரிந்துவைத்திருந்தது.

*

கும்மி ஆய்வு செய்யும் மாணவி அங்கே ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னாள். இந்த அணைக்குப் பின்னால் பஞ்சம் இருக்கிறது என்றாள். உண்மை. தாது வருஷப் பஞ்சம் என்று நம் கிழவிகள் சொல்லும் 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். அதன் பிறகு அமைந்த பஞ்ச விசாரணைக் குழு 1880-இல் அறிக்கை கொடுத்தது. பாசனத்தில் பணம் போட வேண்டும் என்ற எண்ணத்துக்கு அரசுக்குள் வலு கிடைத்தது அப்போதுதான்.

அந்தப் பஞ்சத்தில் நடந்த ஒரு விஷயத்தைப் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும். செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள், 1877-இல் நிவாரண வேலை செய்கிறவர்களின் கூலியை வெட்டினார். ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். பெண்ணுக்கும் வேலை செய்யும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. ஒரு பவுண்டு என்பது அரைக்கிலோவுக்கும் கம்மி. வேலையோ சாலை போடுவதும் கால்வாய் வெட்டுவதும். இந்த அளவில் உயிர் தங்காது என்று மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். அவர் வாதாடியது நமக்குத் தெரியும், ஏனென்றால் அதை எழுதிவைத்திருக்கிறார்கள். மண் சுமந்த பெண் அந்தக் கூலியில் தன் பங்கில் எவ்வளவைப் பிள்ளைக்குக் கொடுத்தாள் என்பதை எழுதிவைக்கவில்லை. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்சக் கூலிகள் வெட்டியது. அதற்கு அன்றைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் நிலைத்தது.

பஞ்சம் போன பிறகும் அந்தக் கணக்கு போகவில்லை. சென்னை மாகாணப் பொதுப்பணித்துறையின் மதிப்பீடுகளில் கூலி விகிதம் மூன்று வரியாக வரும்: ஆண் கூலி, பெண் கூலி, பையன் கூலி. பெண் கூலி ஆண் கூலியைவிடக் குறைவு. இந்த மூன்று வரிகளை ஆவணத்தில் முதன்முதலில் பார்த்தபோது நான் எரிச்சலோடு கடந்து போனேன். இப்போது அதை வேறு மாதிரி படிக்கிறேன். பெண்ணுக்கென்று தனியாக ஒரு விகிதம் வைத்திருக்கிறார்கள் என்றால், பெண் அந்த வேலையிடத்தில் வழக்கமாகவே இருந்திருக்கிறாள். ஏரிக்கரையில், சாலையில், கல்குவாரியில், சுண்ணாம்புக் காளவாயில் அவள் இருந்ததால்தான் அவளுக்கு எவ்வளவு குறைத்துக் கொடுக்கலாம் என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருந்தது. நம் பாட்டிமார் அரசு ஆவணத்துக்குள் வந்த வழி இதுதான். பெயராக வரவில்லை, ஒரு விகிதமாக வந்தார்கள். வாசல் சிறியது என்றாலும் அது ஒரு வாசல். குனிந்து உள்ளே போய்த் தேட வேண்டியது நாம்தான்.

*

பென்னிகுவிக்கைப் பற்றி எங்கள் பகுதியில் குழந்தைகளுக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. பாதி அணையை வெள்ளம் கொண்டுபோனது, அரசு பணம் தர மறுத்தது, அவர் இங்கிலாந்துக்குப் போய்த் தன் சொத்தை விற்றுப் பணம் கொண்டுவந்து அணையை முடித்தார் என்பது அந்தக் கதை. சிலர் சொல்லும்போது மனைவியின் நகைகளும் அதில் சேர்ந்துகொள்ளும். ஆவணங்கள் சொல்வது வேறு. அணை மாகாண அரசின் வேலை. 81 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆன செலவும் அரசின் கணக்கில் நடந்தது. சொத்தை விற்ற கதை ஏட்டில் வாழவில்லை, ஊர் வாயில் வாழ்கிறது.

இதைச் சொல்வதால் அவர் உழைப்பு குறைந்துவிடாது. அந்தக் கதையை நான் பொய் என்று தள்ளவும் மாட்டேன். பசித்த ஊர் ஒன்று, தனக்குச் சோறு போட்டவருக்கு எந்த மரியாதையைத் தர நினைக்கிறதோ அதைக் கதையாகத் தருகிறது. இருப்பதை எல்லாம் விற்றுப் பிறர் வயிற்றை நிறைப்பதுதான் நம் மக்கள் கற்பனைக்கு எட்டிய பெரிய அறம். அதை அவருக்குச் சூட்டினார்கள்.

ஆனால் அந்தக் கதைக்குள் ஒரு பெண் இருக்கிறாள். கிரேஸ் ஜார்ஜினா. ஐந்து மகள்களையும் ஒரு மகனையும் பெற்றவர். கதையில் நகை வருகிறது, நகைக்காரியின் பெயர் வருவதில்லை. நகை யாருடையதோ அவளிடம் கேட்டார்களா, அவள் கழற்றிக் கொடுத்தாளா என்று கதை சொல்கிற யாரும் யோசிப்பதில்லை. மனைவியின் நகை புருஷனின் தியாகமாவது நம் வீடுகளில் இன்றும் நடப்பதுதானே.

இதே கதையை மதுரையில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்வார்கள். தாது வருஷப் பஞ்சத்தில், வடக்கு ஆவணி மூல வீதியில் வசதியாக வாழ்ந்த தாசி குஞ்சரத்தம்மாள், வீதியில் விழுந்து சாகும் சனங்களைப் பார்த்துத் தன் வீட்டு வாசலில் கஞ்சி காய்ச்சி ஊற்றத் தொடங்கினார். பணம் தீர்ந்தது, நகையை விற்றார். நகை தீர்ந்தது, வீட்டை விற்றார். பஞ்சம் ஓயும்போது அவரிடம் ஒன்றும் இல்லை. அவர் இறந்தபோது மதுரையே திரண்டு வந்தது என்று சொல்லி முடிப்பார்கள். சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' வழியாக இந்தக் கதை இன்றைய வாசகர்களையும் எட்டியது.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே பஞ்சத்தின் நினைவிலிருந்து எழுந்தவை. இரண்டிலும் ஒருவர் தன்னிடம் இருந்ததை விற்று ஊரைக் காப்பாற்றுகிறார். ஒருவர் படைப் பொறியாளர், பட்டம் பெற்றவர், ஆண். மற்றவர் தாசி. முதல் கதைக்கு மண்டபம் இருக்கிறது, பேருந்து நிலையம் இருக்கிறது, 2022-இல் தமிழக அரசு இங்கிலாந்தின் கேம்பர்லியில் அவர் வாழ்ந்த ஊரிலேயே சிலையும் வைத்தது. குஞ்சரத்தம்மாளுக்கு ஒரு சிலையை நான் மதுரையில் பார்த்ததில்லை. நான் படித்த காலத்தில் எந்தப் பாடப்புத்தகமும் அவரை எனக்குச் சொன்னதில்லை. மாணவிகளிடம் கேட்டேன். மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவள் சொன்னாள்: "நாவல்ல படிச்சேன் மேடம். எங்க வீட்ல அந்தப் பேரைச் சொல்ல மாட்டாங்க."

சொல்ல மாட்டார்கள். நன்றி சொல்வதற்கும் நமக்கு ஒரு தராதரம் இருக்கிறது. யார் கொடுத்த தண்ணீரைச் சபையில் சொல்லலாம், யார் ஊற்றிய கஞ்சியைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்ளலாம் என்பது சாதியும் பால் ஒழுக்கமும் சேர்ந்து எழுதிய விதி. நன்றி என்பது மனசிலிருந்து தானாகப் பொங்கி வருவது என்று நினைக்கிறோம். மண்டபமாகக் கட்டும்போதுதான் அதன் அளவுகோல் வெளியே தெரிகிறது.

*

மண்டபத்துக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்து அம்மாவிடம் கேட்டோம். மாணவிகள் நோட்டை எடுத்துவிட்டார்கள். அம்மாவுக்கு வெட்கம்.

"எங்க அம்மா சொல்லுவா. அவளுக்கு அது பாட்டி. கலியாணம் ஆன புதுசுல, பதினாறு பதினேழு வயசாம். ஊருல வெள்ளாமை இல்ல. ரெண்டு பேருமா இங்க வந்துட்டாக. ஆம்பளைக மேல மலைக்குப் போவாக. பொம்பளைக கீழ கெடந்து கல்லு உடைக்கிறது, சொமக்கிறது. கல்லுச் செதறு தெறிச்சு ஒரு கண்ணு போயிருச்சு அவளுக்கு."

அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைத்தது. "ஒத்தக்கண்ணுக் கிழவியாம்மா?" என்றேன்.

"ஆமா. அவதான்."

ஒத்தக்கண்ணுக் கிழவியை எனக்குத் தெரியும். என் அம்மாச்சி வீட்டில் வளர்ந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். சோறு தின்னாவிட்டால் ஒத்தக்கண்ணுக் கிழவி வருவாள். இருட்டில் கொல்லைப்பக்கம் போனால் ஒத்தக்கண்ணுக் கிழவி பிடித்துக்கொள்வாள். புளியமரத்துப் பேய் போல, கதையில் வருகிற யாரோ ஒருத்தி என்றுதான் நினைத்திருந்தேன். என் மகளையும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் தூங்கவைத்தேன். அணைக்குக் கல் உடைத்துக் கண்ணைக் கொடுத்த ஒரு பெண்ணை, நாங்கள் நான்கு தலைமுறையாகப் பிள்ளைகளை மிரட்டும் பூச்சாண்டியாக வைத்திருந்தோம்.

அரசு ஆவணம் பெண்களை மறந்தது என்று மேடைகளில் பேசியிருக்கிறேன். வீடும் மறக்கிறது என்பதை அன்றைக்கு மரத்தடியில் தெரிந்துகொண்டேன். முழுக்க மறக்கவில்லை, உருமாற்றி வைத்திருக்கிறது. ஆணின் காயம் வீரத்தழும்பாகி, பெண்ணின் காயம் அவலட்சணமாகிறது. கண் போனது எப்படி என்ற காரணம் உதிர்ந்து, ஒற்றைக்கண் மட்டும் மிச்சமானது.

"அவ பேரு என்னம்மா?"

அம்மா கொஞ்சநேரம் யோசித்தாள். "எங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள். என் அம்மாச்சி போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. திரும்பும் வழியில் சின்னமனூரில், அம்மாவைவிட மூத்த ஒரு பெரியம்மா வீட்டில் இறங்கிக் கேட்டோம். அவளுக்கும் பெயர் தெரியவில்லை. "கல்லுக்குப் போன கெழவின்னு சொல்லுவாக" என்றாள். அது ஒன்று கூடுதலாகக் கிடைத்தது.

இதை வைத்து, இத்தனை பெண்கள் அணையில் வேலை செய்தார்கள் என்று நான் எண்ணிக்கை சொல்ல வரவில்லை. ஒரு குடும்பத்து வாய்மொழி ஒரு குடும்பத்துக்குத்தான் சாட்சி. ஆனால் ஒரு பக்கம் 'பெண் கூலி' என்ற விகிதம் இருக்கிறது, இன்னொரு பக்கம் ஒற்றைக்கண் கிழவி இருக்கிறாள். நடுவில் இருக்கிற இடைவெளி ஆய்வாளர்களுக்கான வேலை. கூடலூர், கம்பம், உத்தமபாளையம் பக்கத்து வீடுகளில் இன்னும் எத்தனை கிழவிகள் இப்படிப் பூச்சாண்டியாகவும் பட்டப்பெயராகவும் உட்கார்ந்திருக்கிறார்களோ.

*

நாங்கள் எழுந்தபோது சாயங்காலம் நான்கு மணியிருக்கும். குமுளிப் பக்கமிருந்து ஜீப்புகள் இறங்கத் தொடங்கின. ஏலத்தோட்ட வேலை முடிந்து திரும்பும் பெண்கள். விடியுமுன் எழுந்து சோறாக்கி, தூக்குவாளியில் போட்டுக்கொண்டு, கூடலூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் மலையேறி, கேரளத்து இடுக்கித் தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டு இருட்டுமுன் வருகிறவர்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு அங்கே கணக்கில்லை. வளைவுகளில் அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து வருவதைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசையும்.

டீக்கடையில் ஒரு ஜீப் நின்றது. இறங்கியவர்களில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அம்மாவோடு பேச்சுக்கொடுத்தார். பேச்சு அணைக்கு வந்தது. 2011 டிசம்பரில் அணைப் பிரச்சினை முற்றி எல்லையில் மோதலானபோது, இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக ஊர் திரும்பினார்கள். இவரும் அதில் ஒருவர். ஜீப் ஓடவில்லை, காட்டுப்பாதையில் நடந்தே இறங்கியிருக்கிறார். "இங்கிட்டு ஆளுகளும் கத்துறாக, அங்கிட்டு ஆளுகளும் கத்துறாக. எனக்கு வயசுக்கு வந்த பிள்ளை கூட இருக்கா. அவளை எப்படி வீட்டுக்குக் கொண்டு சேக்கிறதுன்னுதான் இருந்துச்சு."

அந்த டிசம்பரில் பல்லாயிரம் பேர் குமுளியை நோக்கித் திரண்டது செய்தியானது. 2014-இல் 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது வரலாறானது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு காட்டில் இறங்கிய தாய் இரண்டிலும் இல்லை. ஆனால் முல்லைப் பெரியாற்றின் வரலாறு அவரைச் சேர்க்காமல் முடியாது. இந்தப் பக்கத்துத் தண்ணீர் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. அந்தப் பக்கத்து ஏலக்காய் இந்தப் பக்கத்துப் பெண்களின் கையால் பறிக்கப்படுகிறது. இரண்டு மாநிலத்துக்கும் நடுவே தினமும் போய்வருகிற உண்மையான பாலம் அந்த ஜீப்புதான்.

கூலியைக் கேட்டேன். சொன்னார். ஆண்களுக்கு எவ்வளவு என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "அது வேற" என்றார். சம ஊதியச் சட்டம் வந்தது 1976-இல். பொதுப்பணித்துறையின் அந்த மூன்று வரிகளில் இரண்டு, சட்டப்புத்தகத்தில் அழிக்கப்பட்ட பிறகும் பள்ளத்தாக்கில் பேச்சுவழக்கில் இருக்கின்றன. நெல் வயலில், திராட்சைத் தோட்டத்தில், தென்னந்தோப்பில், எல்லா இடத்திலும் 'ஆம்பளைக் கூலி', 'பொம்பளைக் கூலி' என்றுதான் கேட்பார்கள், சொல்வார்கள். யாருக்கும் அது உறுத்துவதில்லை.

லோயர் கேம்ப்பை அடுத்த பளியன்குடியிலிருந்து மலையேறினால் மங்கலதேவி கண்ணகி கோட்டம். எல்லைத் தகராறில் சிக்கிய அந்தக் கோயில், சித்திரை முழுநிலவு நாளன்று மட்டும் இரண்டு மாநிலங்களின் காவலோடு திறக்கப்படுகிறது. நீதி கேட்ட பெண்ணுக்கு ஆண்டில் ஒருநாள். தமிழ் படித்த நாங்கள் கண்ணகியைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறோம். அந்த மலையின் அடிவாரத்தில் கல் உடைத்தவளைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. காப்பியத்துக்குப் போன பெண்ணும், கடவுளாகிவிட்ட பெண்ணும் நமக்கு எளிது. கூலிக்குப் போன பெண் என்றால் நாம் தடுமாறுகிறோம்.

மண்டபத்தைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஒரு மனிதரை நினைப்பதற்காகக் கட்டிய இடத்தில் அந்த மனிதர் இருக்கிறார். அவர் அங்கே இருக்கட்டும், அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடட்டும். அதே சாலையோரத்தில், அதே வெளியூர்க்காரர்கள் இறங்கி நிற்கும் இடத்தில், இன்னும் ஒரு பலகைக்கு இடம் உண்டு. ஆண் கூலி, பெண் கூலி, பையன் கூலி என்ற மூன்று வரிகளையும் அதில் எழுதலாம். 483 என்ற எண்ணை எழுதலாம். இங்கே கல் உடைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லலாம் என்று எழுதலாம். அரசு எழுதும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இதைப் படிக்கிற மாணவிகள் இந்தப் பொங்கல் விடுமுறையில் வீட்டில் இருக்கிற மூத்த பெண்ணிடம், "உங்க பாட்டி என்ன வேலைக்குப் போனாங்க?" என்று கேளுங்கள். எங்கே வாக்கப்பட்டாள், எத்தனை பெற்றாள் என்பதை எல்லாரும் கேட்டிருப்பார்கள். என்ன வேலைக்குப் போனாள் என்பதைக் கேளுங்கள். பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான் பதினோரு வருடம் தாமதித்துவிட்டேன்.

திரும்பும்போது உத்தமபாளையத்தைத் தாண்டி வயல்களில் நடவு நடந்துகொண்டிருந்தது. இருட்டுவதற்குள் குத்தகைப் பாத்தியை முடித்துவிட வேண்டும் என்ற வேகத்தில் பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். காருக்குள் நடவுப்பாட்டு மாணவி நோட்டில் கட்டம் போட்டு அன்றைய குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்தாள். வேலை என்ற கட்டத்தில் 'கல் உடைத்தல், லோயர் கேம்ப்' என்று எழுதினாள். காலம் என்பதில் 'சுமார் 1890'. காயம் என்று புதிதாக ஒரு கட்டம் போட்டு 'ஒரு கண்' என்று எழுதினாள்.

பெயர் என்ற கட்டத்துக்கு வந்து என்னைப் பார்த்தாள். கட்டத்தை அடித்துவிடவா என்று கேட்டாள்.

"வேணாம், காலியாவே இருக்கட்டும்" என்றாள் அம்மா.